கையை விட்டால் நிற்கிற வண்டி

நகர்த்த வேண்டியிருந்தவை இவை: காற்றில் சாய்ந்த பிலாவின் (பலா மரத்தின்) அடித்தடி, அதற்கு மேல்பாகத்தில் அறுத்த இரண்டு துண்டு, பழைய வீட்டுக் கிணற்றடியில் கிடந்த துவைகல், ஒரு உரல், ஒரு ஆட்டுக்கல். எல்லாம் விளையின் (தோட்டத்தின்) மேல்தட்டில். போய்ச் சேர வேண்டிய இடம் கீழே, ரோட்டோரம். நடுவில் நாலடி அகல நடைவழி. ஒரு பக்கம் கய்யாலை, அதாவது மண்ணைத் தாங்குகிற தடுப்புச்சுவர்; மறுபக்கம் ரப்பர் மரங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு, குலசேகரம் பக்கம் விளை வைத்திருப்பவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டாம். எங்கள் பக்கம் மண்ணை வெட்டித் தட்டுத்தட்டாக ஆக்கினால்தான் மட்டம்; மற்றதெல்லாம் ஏற்றம், இறக்கம்.

ஜேசிபி அந்த வழியில் நுழையாது. நுழைக்க வேண்டுமென்றால் கய்யாலையைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் அடுத்த மழையில் மேல்தட்டு மண் கீழ்த்தட்டில் கிடக்கும். ஆள் வைத்துத் தூக்கலாம்தான். தடிவேலை தெரிந்த நாலுபேர் ஒரே நாளில் ஒன்றாகக் கிடைக்க வேண்டுமே. கூலி கூடுதல் என்று பாதிப்பேர் எல்லை தாண்டி கேரளத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது ரப்பரும் தென்னையும் வாழையுமாகச் சாய்ந்து, வெட்ட ஆள் கிடைத்தும் சுமக்க ஆள் கிடைக்காமல் தடி கிடந்த இடத்திலேயே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் தடி அப்படிக் கிடந்தால் தாங்காது. சீக்கிரம் அறுத்து மருந்தில் போடாவிட்டால் பூஞ்சை ஏறி நீலம் பாய்ந்துவிடும். பிலாவு தாங்கும். அதனால் எனக்கு அவசரமில்லை. வண்டி செய்ய நேரம் இருந்தது.

செய்ய நினைத்தது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இரண்டு சக்கரம், அவற்றுக்கு மேல் ஒரு ஆர்ச், ஆர்ச்சிலிருந்து நீளமாக ஒரு கைப்பிடி. தடியின் இரண்டு பக்கமும் சக்கரம் வருகிற மாதிரி வண்டியை நிறுத்தி, கைப்பிடியை மேலே உயர்த்தி, ஆர்ச்சில் தொங்குகிற சங்கிலியைத் தடியில் மாட்டி, கைப்பிடியைக் கீழே இழுத்தால் தடி தரையை விட்டு எழும். வெளிநாடுகளில் காட்டுத் தடி இழுக்க இந்த மாதிரி வண்டி காலகாலமாக உண்டு.

பக்கத்து விளையில் ஒரு பாட்டா. வாலிபத்தில் தடிவேலை, யானை இழுத்த இடத்திலும் ஆள் இழுத்த இடத்திலும் நின்றவர். பேப்பரில் வரைந்திருந்த படத்தை அவரிடம் காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "தூக்கதெல்லாம் தூக்கிரும் மக்களே. எறக்கத்துல ஒனக்கு கை வழுக்கிச்சுன்னா இது எங்க போய் நிக்கும்? அத மொதல்ல சொல்லு" என்றார். அதற்குப் பிறகு வரைந்ததெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

நாலுபேர் தூக்கும்போது ஒருவன் கால் இடறினால் மற்ற மூன்றுபேர் பிடித்துக்கொள்வார்கள். தனியாளுக்கு அந்த மூன்றுபேர் கிடையாது. தும்மல் வந்தாலும், கொசு கடித்தாலும், போன் அடித்தாலும் கையை விட முடிய வேண்டும். பழைய சந்தைப் பாதைகளில் இன்னும் அங்கங்கே நிற்கிற சுமைதாங்கிக் கல்லை நினைத்துப் பாருங்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்தது. கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். தலைச்சுமைக்காரன் நடப்பதற்கு அந்தக் கல் ஒரு உதவியும் செய்யாது. ஆனால் தலையில் இருப்பதை இன்னொருத்தர் கைபிடிக்காமல் இறக்கலாம், திரும்ப ஏற்றலாம். நடக்கத் தெரிந்தவனுக்கும் இறக்கி வைக்க இடம் வேண்டும் என்பது அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முதலில் எடை. கருங்கல் கணக்கு எளிது: ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ. துவைகல் மூன்றடி நீளம், ஒண்ணேமுக்கால் அடி அகலம், அரையடி கனம்; பெருக்கினால் 200 கிலோவுக்கு ஒட்டி வரும். உரலுக்குக் குழியையும் இடுப்பையும் கழித்து 150 என்று வைத்தேன்.

தடியின் எடையில்தான் ஒரு சூட்சுமம் உண்டு. தடி வியாபாரி சுற்றளவை நாலாக வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார். நாலடிச் சுற்றளவு, எட்டடி நீளம் என்றால் எட்டுக் கன அடி. விலைக்கு அது சரி; அறுக்கும்போது ஓரப்பலகையாகப் போகிற மரத்தை அந்தக் கணக்கு முன்கூட்டியே கழித்துவிடுகிறது. எடைக்கு அது ஆகாது. ஓரப்பலகையும் வண்டியில்தானே வருகிறது? உண்மையான கன அளவு பத்துக்குச் சற்று மேல். வியாபாரி கணக்கை 1.27-ஆல் பெருக்கினால் கிடைக்கும். பச்சைத் தடியைத் தண்ணீர் எடை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு: கன அடிக்கு 28 கிலோ. ஆக அடித்தடி 285 கிலோ. வியாபாரி கணக்கை நம்பியிருந்தால் 225 என்று நினைத்திருப்பேன். ஒரு ஆள் எடை கணக்கில் வராமலே வண்டியில் ஏறியிருக்கும்.

பொருள் எல்லாம் மார்த்தாண்டம் பக்கத்து ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) எடைபோட்டு வாங்கியது. 100 சிசி பைக்கின் பின்சக்கரம் இரண்டு, 18 இஞ்ச் ரிம், ஒரே மாடல். ஒரே மாடல் என்பது முக்கியம். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் உயரம் மாறும். சக்கரத்தோடு அதன் ஸ்விங் ஆர்மையும், அதாவது சக்கரத்தை பைக்கோடு இணைக்கிற கவையையும், சேர்த்து வாங்கினேன். காரணம் உண்டு. பைக்கின் ஆக்சில் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கிற மாதிரிச் செய்தது. ஒரு பக்கம் மட்டும் வெல்ட் செய்து மறுபக்கத்தை வெறுமனே விட்டால், அந்த விரல்தண்டிக் கம்பி வளைந்துவிடும். ஸ்விங் ஆர்ம் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கிறது. அதை அப்படியே நட்டமாக நிறுத்தினால் அதுவே ஆர்ச்சின் கால்! ஆக்சிலிலிருந்து மேல்முனை வரை ஒன்றரை அடி. டயருக்கு மேலே இடைவெளியும் மிஞ்சுகிறது. இரண்டு மேல்முனைகளையும் ஒரு குறுக்குப் பைப்பால் இணைத்து, மூலைக்கு மூலை முக்கோணத் தகடு வைத்தால் ஆர்ச் ஆகிவிட்டது. சக்கரங்களுக்கு உள்ளே 26 இஞ்ச் இடைவெளி விட்டேன்.

டயர் எவ்வளவு தாங்கும் என்பது அதன் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். 48பி (48P) என்றால் 180 கிலோ, 52பி என்றால் 200. 'பி' என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துக்கானது; நம்முடைய விளையில் அது தேவைப்படாது. எனக்குக் கிடைத்தவை 52. இரண்டுக்கும் சேர்த்து 400. தடியும் வண்டியும் சேர்ந்து 330-க்குள் அடங்குவதால் மிச்சம் இருக்கிறது. சிறிய சக்கரம் வைத்த சாக்குத் தள்ளுவண்டி சிமென்ட் தரைக்குச் சரி; செம்மண்ணில் முதல் கல்லிலேயே முகம் குத்தும். இரண்டடி விட்டமுள்ள சக்கரம் அந்தக் கல்லின் மேல் ஏறி இறங்கும்.

கைப்பிடி ஏழடி, 2 இஞ்ச் 'B' கிளாஸ் (நடுத்தரக் கனமுள்ள) பைப். சாதாரண வேலைக்கு ஒன்றரை இஞ்ச் பைப்பே போதும் என்றுதான் கணக்குச் சொல்லும். ஆனால் தடி அசையாத நேரத்தில் ஆள் நுனியில் தொங்கத்தான் செய்வான். முழு ஆள் எடையும் ஏழடி தள்ளி இறங்கினால் ஒன்றரை இஞ்ச் வளைந்துவிடும், 2 இஞ்ச் தாங்கும்.

பட்டறையில் வெல்டிங் செய்த பையன் கெட்டிக்காரன். சக்கரத்தில் பிரேக் ட்ரம் அப்படியே இருப்பதைப் பார்த்து, "அண்ணே, ஒரு கேபிள் இழுத்து கைப்பிடில லீவர் வச்சு தரட்டா? எறக்கத்துல நல்லா நிக்கும்" என்றான். நல்ல யோசனைதான். ஆனால் வேண்டாம் என்றேன். கையால் பிடிக்கிற பிரேக் கை இறுக்கும்வரைதான் வேலை செய்யும். கை வழுக்கினால் பிரேக்கும் சேர்ந்து போய்விடும். பாட்டா கேட்டதற்கு அது பதில் ஆகாது. கையை விட்டால் பிடிக்கிற பிரேக்தான் எனக்கு வேண்டும்.

அந்தப் பிரேக்கை இரும்பில் செய்யவில்லை. தடியை எங்கே கட்டுகிறோம் என்பதில் இருக்கிறது.

சங்கிலியைத் தடியின் சரிநடுவில் கட்டாமல், ஒரு சாண் அளவுக்குள் தள்ளிக் கட்டினேன், கைப்பிடிப் பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கும்படி. அடித்தடிக்கு நாலரை இஞ்ச் தள்ளினால் கைப்பிடி நுனியில் 15 கிலோ கனம் வரும். தடி மேலே எழும்பிய பிறகு அதன் முன்தலையை, அதாவது கைப்பிடிப் பக்கம் இருக்கிற முனையை, கைப்பிடியோடு சேர்த்து இறுகக் கட்டிவிட வேண்டும். இப்போது தடியும் கைப்பிடியும் ஒரே துண்டு. நடக்கும்போது அந்தப் பதினைந்து கிலோவைக் கையில் தாங்கிக்கொண்டு நடக்கிறேன். கையை விட்டால் கைப்பிடி கீழே சாய்ந்து, தடியின் முன்தலை மண்ணில் ஊன்றும். அது உரசுகிற உரசலில் வண்டி நிற்கும். கைப்பிடியின் கனமும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ மண்ணில் அழுந்துகிறது. மண்ணில் பாதி எடை அளவுக்கு உரசல் கிடைக்கும் என்று வைத்தால் 20 கிலோ பிடிப்பு. சக்கரம் மண்ணில் உருள்வதற்கே 14, 15 கிலோ வேண்டும். இரண்டும் சேர்ந்து 12 அடிக்கு ஓரடி இறங்குகிற சரிவில் வண்டியை நிறுத்தி வைக்கப் போதும். அதற்குமேல் சரிவு என்றால் கயிறு.

எதிர்ப்பக்கம் கனமாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையை விட்டதும் கைப்பிடி மேலே எகிறும். ஏழடிப் பைப், அடியில் 200 கிலோ இழுப்பு. தாடையில் பட்டால் பல் மிஞ்சாது. அதனால் கட்டி முடித்ததும் தரையிலிருந்து இரண்டு இஞ்ச் மட்டும் தூக்கி, ஒதுங்கி நின்று, கைப்பிடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகுதான் மேற்கொண்டு தூக்குவேன். பைப்புக்கு நேர்மேலே முகத்தைக் கொண்டுபோவதே இல்லை.

கல்லுக்கு ஊன்ற முன்தலை கிடையாது. மூன்றடிக் கல் கைப்பிடிக்குக் கீழே மண்வரை எட்டாது. அதற்காகக் கைப்பிடியில், ஆர்ச்சிலிருந்து மூன்றடி தள்ளி, மடக்குகிற கால் ஒன்று வைத்தேன். மாட்டுவண்டியின் நுகத்தடிக்குக் கீழே முட்டுக் கொடுக்கிற அதே வேலை. கைப்பிடி இடுப்பு உயரத்தில் இருந்தால் கால் தரையில் படாது, விட்டால் ஊன்றும். அடியில் ஒரு தகடு பற்றவைத்திருக்கிறது, மண்ணில் புதையாமல் உரசுவதற்கு.

தூக்குவதற்கு வருகிறேன். கொத்து வேலைக்குக் கலவை கொண்டுபோகிற ஒற்றைச் சக்கர வண்டியில் சுமை நடுவில், கை நுனியில். மேலே தூக்க வேண்டும், அது முதுகுக்கு வேலை. இதில் சக்கரம் நடுவில். ஒரு பக்கம் சுமை, மறுபக்கம் கை. கீழே அழுத்தினால் போதும், உடம்பின் எடையே வேலை செய்யும். ஐம்பது வயது தாண்டிய முதுகுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

கைப்பிடியை மேலே உயர்த்தினால் ஆர்ச் எதிர்ப்பக்கம் கவிழ்ந்து கொக்கி தாழும். முழுக்க நட்டமாக்கினால் ஒன்றரை அடி உயரம் தூக்கலாம் என்பது காகிதக் கணக்கு. நடைமுறையில் ஆர்ச்சை அறுபது டிகிரி அளவுக்குச் சாய்த்துத் தொடங்கினேன். தூக்கு உயரம் ஒன்பது இஞ்ச் கிடைக்கும், அது தாராளம். அந்த நிலையில் கைப்பிடியின் நுனி என் தலைக்கு இரண்டடி மேலே போய்விடும். நுனியில் ஒரு கயிறு கட்டி, பைப்புக்குச் செங்குத்தாக வருகிற மாதிரி நின்று இழுக்க வேண்டும். கொக்கியில் 200 கிலோ தொங்கினால் கயிற்றில் முதலில் 37 கிலோ. ஆர்ச் நிமிர நிமிர அது குறைந்து, முழுக்க நிமிர்ந்ததும் ஒன்றுமே இல்லாமல் ஆகிவிடும். அதற்குள் கயிற்றை விட்டுப் பைப்பைப் பிடித்திருக்க வேண்டும்.

இழுக்கும்போது சக்கரம் ஓடக்கூடாது. அதற்கு முட்டுக்கட்டை, இரண்டு சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும். சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் தேர் எங்கே நிற்கும், எந்தப் பக்கம் திரும்பும் என்பது சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர் கையில்தான். அந்தக் கட்டையைப் பார்த்துத்தான் என்னுடையதையும் செய்தேன். அயினிக் கட்டையில் சாய்வாக அறுத்து, அடியில் பழைய டயர்த்துண்டை ஆணியடித்து, பின்பக்கம் மூன்றடிக் கம்பு ஒன்று செருகியது. கம்பு இருப்பதால் கை சக்கரத்துக்குப் பக்கத்தில் போகாது, குனியவும் வேண்டாம்.

இழுக்கிற வேலைக்கு வடகிழக்கு மழை ஓய்கிறவரை காத்திருந்தேன். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனி ஆடியிலும் பெய்யும், ஐப்பசி கார்த்திகையிலும் பெய்யும். மார்கழி தொடங்கியும் நடைவழியில் ஈரம் காயாத ஓர் இடம் இருந்தது. மூன்று இஞ்ச் டயர் 150 கிலோவோடு ஈரச் செம்மண்ணில் இறங்கினால் ரிம் வரை போகும். பலகை போட்டுப் பார்த்தேன். ஓரம் தவறி இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் உதவியது கமுகு. பட்டுப்போன கமுகை இரண்டாகப் பிளந்து, உள்சோற்றைச் சுரண்டி, குழிவான பக்கம் மேலே வரும்படி இரண்டு வரிசை போட்டேன். சக்கரம் அந்தக் குழிக்குள்ளேயே ஓடும், விலகாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விட முன்பு இதைத்தானே ஓடையாகப் போடுவார்கள்.

முதலில் சிறிய துண்டுகளைக் கொண்டுபோய்க் கை பழகிக்கொண்டு, கடைசியாக அடித்தடி. திசை பற்றி ஒரே விதி: கைப்பிடி எப்போதும் மேட்டுப் பக்கம். இறக்கத்தில் வண்டி எனக்கு முன்னால் கீழே போகும், நான் மேலே நின்று பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். ஏற்றத்தில் நான் முன்னால் நின்று இழுப்பேன், வண்டி கீழே. இரண்டிலும் கையை விட்டால் முன்தலை ஊன்றும். வண்டி ஓடினாலும் என்னை விட்டு விலகித்தான் ஓடும். சுமைக்குக் கீழ்ப்பக்கம் நான் நிற்பதே இல்லை. அந்தப் பக்கம் யாராவது வருகிற நேரத்தில் வேலை செய்வதும் இல்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் குறுக்கே வருவார்கள்.

சரிவை முன்கூட்டியே அளந்திருந்தேன், கொத்தனாரிடம் வாங்கிய டியூப் லெவலை வைத்து. பெரும்பாலான வழி 15 அடிக்கு ஓரடி, கையே போதும். நடுத்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்குகிற இடம் மட்டும் 7 அடிக்கு ஓரடி. அங்கே 330 கிலோ கீழ்நோக்கித் தள்ளுகிற தள்ளல் 47 கிலோ. ஊன்றின தலையும் உருளலும் சேர்ந்து 34, 35-தான் பிடிக்கும். மிச்சத்துக்குக் கயிறு.

குறுக்குப் பைப்பில் கயிற்றைக் கட்டி, மேலே நிற்கிற தென்னையில் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுநுனியைக் கையில் பிடித்துக்கொண்டு தளர்த்தித் தளர்த்தி விடுவது. மரத்தில் சுற்றின கயிற்றுக்கு ஒரு குணம்: ஒவ்வொரு சுற்றும் பிடிப்பைக் கூட்டாது, பெருக்கும். காய்ந்த பட்டையில் ஒரு சுற்று ஆறு மடங்கு என்றால் இரண்டு சுற்று முப்பத்தாறு மடங்கு. 47 கிலோ முழுக்க இழுத்தாலும் கைக்கு இரண்டு கிலோகூட வராது. ஈரப்பட்டையில் இவ்வளவு கிடைக்காது, இன்னொரு சுற்றுப் போட்டுக்கொள்ள வேண்டும். கயிறு தும்புக்கயிறு, தேங்காய் நாரில் திரித்தது. பிளாஸ்டிக் கயிறு மரத்தில் உரசினால் சூடேறி இளகும். நைலான் ரப்பர்போல நீண்டு, பிறகு ஒரேயடியாக வழுக்கும். தும்பு முரடு, கையை அறுக்கும், ஆனால் சொன்ன இடத்தில் நிற்கும்.

ரப்பரில் கயிறு சுற்ற எனக்குக் கை வராது. அது பக்கத்தில்தான் நின்றது, வசதியும்கூட. ஆனால் பால்வெட்டுகிற பட்டை நசுங்கினால் அந்தப் பக்கம் வெட்ட ஆகாது. தென்னை பத்தடி தள்ளி என்றாலும் தென்னைதான்.

அந்த இறக்கத்தில் கைப்பிடியைப் பிடிக்க ஆள் இல்லை. நான் மரத்தடியில் நிற்கிறேன். முன்தலை ஊன்றியபடியே பின்னால் இழுபட்டு வருவதால் வண்டி நேராகவே போயிற்று. வளைவு இருந்தால் இந்த வேலை நடக்காது. கொஞ்சம் விட்டு, கயிற்றை மரத்திலேயே முடிந்து, இறங்கிப் போய்க் கட்டை போட்டு, திசை திருத்தி, ஏறி வந்து மறுபடி விட்டு... மெதுவான வேலைதான். மேலிருந்து பாட்டா ஒருதடவை எட்டிப் பார்த்தார். "நிக்குதா?" என்று மட்டும் கேட்டார். முடிந்துவைத்த கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

கல்லுக்குச் சங்கிலி ஆகாது, வழுக்கும். தட்டையான பாலியஸ்டர் பெல்ட் வாங்கினேன். அதன் நிறமே தாங்கும் எடையைச் சொல்லும்: ஊதா ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று. சுருக்குப் போட்டுக் கட்டினால் அதில் எண்பது சதவீதம்தான் கணக்கு. ஊதாவே எனக்கு அதிகம். பெல்ட்டுக்கு எதிரி எடையல்ல, கல்லின் கூர்விளிம்பு. சாக்கை மடித்து விளிம்பில் வைக்காமல் தூக்கக்கூடாது.

உரல் சுலபம், அதற்கு இடுப்பு உண்டு. சுருக்கு அங்கேயே உட்காரும். ஆட்டுக்கல்தான் படுத்தியது. உருண்டை, வழவழப்பு, போதாததற்குப் பாசி. பெல்ட்டைக் குறுக்கும் நெடுக்குமாக அடியில் கொடுத்து, வயிற்றைச் சுற்றி ஒரு தும்புக்கயிறும் கட்டி, பெல்ட் விலகாமல் அதில் முடிந்த பிறகு வந்தது. பாசியை முதலில் தேங்காய்த் தொண்டு வைத்துத் தேய்த்து எடுத்திருந்தேன்.

துவைகல்லுக்கு அடியில் பெல்ட் நுழைப்பதுதான் பாதி வேலை. கம்பிப்பாரையை அடியில் கொடுத்து, பக்கத்தில் ஒரு கட்டை தாங்கு வைத்து, ஒரு இஞ்ச் நெம்பு, ஒரு துண்டு செருகு. மறுபக்கம் போ, ஒரு இஞ்ச் நெம்பு, ஒரு துண்டு செருகு. துண்டைக் கம்பால் தள்ள வேண்டும், விரலால் அல்ல. பாரை வழுக்குவதற்கு முன் சொல்லிவிட்டு வழுக்காது. நாலு மூலையும் மூன்று இஞ்ச் உயர்ந்த பிறகு, இரண்டு தலையிலிருந்தும் கால்பங்கு நீளம் உள்ளே தள்ளி ஒவ்வொரு பெல்ட். சக்கரத்துக்கு உள்ளே 26 இஞ்ச், கல்லின் அகலம் 21. இரண்டு பக்கமும் இரண்டரை இஞ்ச்தான் மிச்சம். ஆடினால் டயரில் உரசும். கல்லையும் கைப்பிடியோடு கட்டியதற்கு அது இன்னொரு காரணம்.

இறக்குவது. இதைத் தூக்குவதன் தலைகீழ் என்று நினைத்துக் கைப்பிடியைச் சும்மா மேலே விட ஆரம்பித்தால், தூக்கும்போது குறைந்துகொண்டே வந்த இழுப்பு இப்போது கூடிக்கொண்டே போகும். கீழே போகப்போக 37 கிலோ, அதுவும் வேகத்தோடு. அதனால் சுமையைத் தரைக்கு இறக்குவதில்லை. தரையைச் சுமைக்கு உயர்த்துவது. தொங்குகிற கல்லுக்கு அடியில் செங்கலும் பலகையுமாக அடுக்கி, ஒரு விரலிடை மட்டும் விட்டேன். கைப்பிடியை ஒரு முழம் உயர்த்தினாலே கல் அடுக்கில் உட்கார்ந்துவிடும். வண்டியைக் கழற்றி அப்புறப்படுத்திவிட்டு, பாரையால் ஒவ்வொரு பலகையாக உருவிக்கொள்ளலாம். சாயங்காலம் ஆகிவிட்டால் அடுக்கோடு விட்டுவிட்டு மறுநாள் உருவலாம், கல்லுக்கு ஒன்றும் அவசரமில்லை.

போனைச் சட்டைப்பையில் பொத்தான் போட்டு வைத்திருந்தேன். கய்யாலை மேல் வைத்துவிட்டு வேலை செய்தால், கால் மாட்டிக்கொள்கிற நாளில் போன் எட்டடி தள்ளி இருக்கும். காலுக்கு ரப்பர் பூட்ஸ் போதாது. முனையில் இரும்புத் தொப்பி வைத்தது வேண்டும். எங்கே, என்ன செய்கிறேன் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவது.

ஏற்றத்தில் இந்த வண்டி அவ்வளவு உபயோகமில்லை. 10 அடிக்கு ஓரடி ஏறுகிற இடத்தில் அடித்தடியை இழுக்க 46 கிலோ விசை விடாமல் வேண்டும். நாலு எட்டு வைக்கலாம், நாற்பது எட்டு முடியாது. அந்த மாதிரி விளை உள்ளவர்கள் தடியை ஐந்தடியாக அறுத்துக்கொள்வது நல்லது; இல்லையென்றால் மேலே ஒரு மரத்தில், சாக்கு சுற்றி, கையால் நெம்புகிற சின்ன வின்ச் ஒன்றைக் கட்டி, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பின்னால் கட்டை போட்டுக்கொண்டே போகலாம். ஒன்பதடிக்கு மேல் நீளமான தடியும் இதற்கு ஆகாது. முன்தலை கைப்பிடி நுனியை நெருங்கி நீட்டிக்கொண்டு நின்றால் ஆள் நிற்க இடமிருக்காது.

வீட்டில் இப்போது கேட்பது கிணற்று உறைகளை மேல்தட்டுக்கு ஏற்ற முடியுமா என்று. மூன்றடி விட்டமுள்ள உறை 26 இஞ்சுக்குள் நுழையாது, ஆர்ச்சை அகலமாக்கினால் வண்டி நடைவழியில் திரும்பாது. உறை உருண்டைதான், அதை வண்டியில் ஏற்றாமல் உருட்டியே கொண்டுபோகலாம். பின்னால் போடுவதற்கு முட்டுக்கட்டை மட்டும் இன்னும் இரண்டு செய்ய வேண்டும். அயினித் துண்டு மிச்சம் கிடக்கிறது.